துண்டு போட்ட நாற்காலி

அதுல உக்காராதம்மா... அய்ய, அதுல இல்ல, அதுல இல்ல! துண்டு போட்டிருக்கு பாரு. ஆள் வருது. இந்தப் பக்கம் உக்காரு, இது காலிதான். சாய்வு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும், முதுகு சட்டுனு பின்னால போயிடும், பயந்துடாத... ம், அப்படித்தான். இப்பத்தான் அந்த மஞ்சத் தொப்பிக்காரன்கிட்ட ஒரு பாட்டம் கத்தி ஓஞ்சேன். அதோ, கம்பி ஓரமா நின்னுக்கிட்டு இங்கயே நோட்டம் விடறான் பாரு, அவன்தான். நம்ம ஆளுதான், தமிழ்தான் பேசறான், அதுதான் வயித்தெரிச்சல். "ஏம்மா, ரொம்ப நேரமா நாற்காலி சும்மாவே கெடக்கு, ஆள் வருதா, இல்ல துண்டுதான் வெயில் காயுதா"ங்கறான். நக்கலப் பாரு! வரும்யா, வராம எங்க போகும்? துண்டு போட்டா போட்டதுதான். பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்ட எறிஞ்சு இடம் பிடிச்ச கூட்டம் நாம. துண்டு இல்லன்னா குடை, குடை இல்லன்னா செருப்பு. எங்க கொழுந்தன் ஒரு தடவ கைக்குழந்தையையே ஜன்னல் வழியா விட்டு சீட்டுல உக்கார வெச்சான். ஏறிப் போய்ப் பாத்தா குழந்தைய மடியில வெச்சுக்கிட்டு வேற ஒருத்தி ஜம்முனு உக்காந்திருக்கா. அது வேற கதை, விடு.

கப்பல்ல சட்டம் எழுதி ஒட்டியிருக்கானாம், துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாதுன்னு. ஒட்டட்டும். பஸ்ஸுல எச்சில் துப்பாதேன்னுகூடத்தான் எழுதியிருக்கு.

நீ போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு, அதான் கூப்பிட்டேன். இவ்வளவு பெரிய கப்பல்ல அந்த மஞ்சத் தொப்பியத் தவிர தமிழ் பேச நாதியில்லம்மா. அவன்கிட்ட பேசறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம். நீன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத, எம் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு. முந்தின தீவுலதான் ஏறினியா? அதான் மூஞ்சி இன்னும் தெளிவா இருக்கு. நாங்க ஏறி மாசத்துக்கு மேல ஆகுது... ஓ, புஸ்தகமா? படி படி, நான் தொந்தரவு பண்ணல.

எங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா அந்த நாற்காலி. கப்பல் கிளம்பறப்போ ரெண்டு பேரும் இங்கதான் உக்காருவோம். கரை கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகுமே, அதப் பாக்கறது ஒண்ணுதான் இந்தக் கப்பல்ல அவருக்குப் பிடிச்சது. பேச மாட்டாரு. பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் பேசுவேன். இன்னும் ஆளக் காணோம். அஞ்சு மணிக்குக் கிளம்பிடும் கப்பல். இப்ப மணி என்னாச்சு?... இருக்கட்டும், இருக்கட்டும், வந்துடுவாரு. எனக்குக் கவலையெல்லாம் ஆளப் பத்தி இல்ல, நாற்காலியப் பத்தித்தான்.

இதெல்லாம் எம் பொண்ணு பண்ண வேலை. பொண்ணு பாதி, மாப்பிள்ளை பாதி. கல்யாண நாளுன்னா ஒரு புடவை எடுத்துக் குடுத்தா ஆகாதா? "அம்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயுமே போனதில்ல, தீவு தீவா போயி அங்க உள்ள ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பாத்துட்டு வாங்க"ன்னு டிக்கெட்டக் கையில திணிச்சுட்டா. ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பாக்க எனக்குத் தீவு எதுக்கு? எங்க வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலத் திறந்தா நாலு வீடு தெரியும். ஆனா சொல்ல முடியாது, மாப்பிள்ளை ஆசையா செய்யறாரு, வேண்டாம்னா அவரு மூஞ்சி சுருங்கும், அவரு மூஞ்சி சுருங்கினா எம் பொண்ணு மூஞ்சி சுருங்கும். சரின்னு ஏறினோம். ஏறிப் பாத்தா ரூம்ல ஜன்னலே கிடையாது! கடலுக்கு நடுவுல கடல் தெரியாத ரூம்! ஜன்னல் இருக்க வேண்டிய எடத்துல திரை மட்டும் தொங்குது. ஆசையா இழுத்துப் பாத்தா சுவரு. சுவத்துல கடல் படம். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. குளியலறை அதுக்கு மேல. மொதல்ல நான் நுழைஞ்சுட்டு அப்புறம் வயித்தத் தனியா உள்ள கூட்டிக்கணும். அவருக்கென்ன, ஒல்லி, கதவு இடுக்குலயே போயிட்டு வந்துடுவாரு.

அப்புறம் இந்தக் குமட்டல். கப்பல் நின்னாலும் எனக்குள்ள ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கு. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, மாத்திரையப் பாத்தாலே குமட்டுது. எவ்வளவு தூரமா இருந்தாலும் ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவேன் நான். இங்க ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கப்பான்னா, டம்ளரு விளிம்புல மெல்லிசா ஒரு சீவல் சொருகிக் கொண்டு வந்து வெக்கறான். அத எப்படிம்மா கையில உருட்டி மோக்கறது? முழுசா ஒண்ணு வேணும்னு கேட்டேன். சமையல்காரரு, அவருக்கு மேல ஒருத்தரு, அவருக்கும் மேல கோட்டுப் போட்ட ஒருத்தரு, மூணு பேரு வந்து நின்னு சாப்பாட்டுல என்ன குறைன்னு விசாரிக்கறாங்க. ஒண்ணும் குறையில்லப்பா, போங்கன்னு அனுப்பிட்டேன்.

நீ எத்தன தீவு பாத்த? ஒண்ணா? போதும். மிச்சத்த நானே சொல்லிடறேன், எல்லாம் அதேதான். எறங்குவ. மேளம் அடிப்பாங்க. ஒரு பொண்ணு ஓடி வந்து உன் காதுல பூ சொருகும். நிஜமாத்தான் சொல்றேன்! காதுல பூ சுத்தறாங்கன்னு ஊர்ல பேச்சுக்குச் சொல்லுவோம், இங்க தட்டுல எடுத்துட்டு வந்து காதுலயே சொருகறாங்க, நாமளும் பல்லக் காட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்கறோம். அப்புறம் பஸ்ஸு. பஸ்ஸு போயி ஒரு கேட்டு முன்னாடி நிக்கும். பழங்காலக் கிராமம்னு போர்டு. பழங்காலக் கிராமத்துக்குள்ள போக, கைய நீட்டினா மை வெச்சு அச்சு குத்துவான். உள்ள ஒரு குடிசை. குடிசைக்குள்ள ஏசி. ஒரு ஆளு கட்டையையும் கட்டையையும் தேய்ச்சுத் தீ மூட்டுவான், தீ வந்ததும் எல்லாரும் கை தட்டணும். மழைக்காலத்துல தீப்பெட்டி நமுத்துப் போயி நான் அடுப்போட பட்டபாடு இதுக்கு மேல, ஒருத்தர் கை தட்டல. வெளிய வர்ற வழி எப்பவும் கடை வழியாத்தான். அந்தக் கிராமத்து ஜனங்களே சாவி வளையம் வாங்காம வெளிய போக முடியாது போலிருக்கு.

எம் பொண்ணு போட்டோ கேப்பா. அனுப்புவேன். பூவோட நான், குடிசையோட நான், ஈட்டிக்காரனோட நான். உடனே கேப்பா, "எல்லாத்துலயும் நீ மட்டும் இருக்க, அப்பா எங்கம்மா?" அப்பா எங்கயா... நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். மணி என்னாச்சுன்னு சொன்ன?... ம்.

மொதல் தீவு மட்டும் இப்படி இல்ல, அதச் சொல்லணும். மேளம் கிடையாது, பூ கிடையாது. கரையோரமா ஒரு கொட்டகை, அவ்வளவுதான். உள்ளூர் பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு லேட்டா வந்தாங்க, கை வேலைய அப்படியே போட்டுட்டு வந்த மாதிரி ஈரக் கையத் தொடச்சுக்கிட்டே வந்தாங்க. ஒருத்தி மூஞ்சியிலும் சிரிப்பில்ல. நின்னாங்க, பாட ஆரம்பிச்சாங்க. பாடறாங்க, பாடறாங்க, பாடிக்கிட்டே இருக்காங்க. மழை வேற, பெஞ்செல்லாம் ஈரம். என்ன பாட்டுன்னு விசாரிச்சா, கடலுக்குப் போறவங்கள வழியனுப்பற பாட்டாம், படகு கண்ணுக்கு மறையற வரைக்கும் நிறுத்தக் கூடாதாம். "படகே இல்லையே, எது மறையறது?"ன்னு இவருகிட்ட கேட்டேன். "நம்ம கப்பல் இருக்கே"ன்னாரு. அன்னிக்குப் பூரா அவரு பேசின பேச்சு அது ஒண்ணுதான். பேன்ட்டு நனைஞ்சு காலோட ஒட்டிக்கிச்சு, பிடிச்சு வெச்ச பிள்ளையாரு மாதிரி உக்காந்து கேட்டாரு மனுஷன். நான் எந்திரிச்சு வந்துட்டேன். கப்பல் படிக்கட்டுகிட்ட ஒரு மிஷின் இருக்கு பாத்தியா? சிரிச்ச மூஞ்சி, சும்மா இருக்கற மூஞ்சி, அழுத மூஞ்சின்னு மூணு பட்டன், எப்படி இருந்துச்சுன்னு அழுத்தணும். அழுத மூஞ்சிய விரல் நோக அழுத்தினேன். பின்னால வந்தவங்களையும் அழுத்த வெச்சேன்.

அடுத்த தீவுலேந்துதான் இந்த மேளம், பூவு, சிரிப்பு எல்லாம். காபி ஆறறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடுது. நல்லாத்தான் இருந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா மூணாவது தீவுல தலையில இறக்கை கட்டிக்கிட்டு, உடம்பெல்லாம் வரி வரைஞ்சுக்கிட்டு, ஈட்டியோட எகிறிக் குதிச்சான் பாரு ஒருத்தன், அவன் என்னப் பாத்ததும் பழக்க தோஷத்துல "குட் மார்னிங் மேடம்"னுட்டான். யாருங்கற? எங்க ரூம் கூட்டற ஆளு! துண்ட முறுக்கி யானை பண்ணிக் கட்டில் மேல உக்கார வெச்சுட்டுப் போவாரே, அவரு! மேளக்காரரு துணி துவைக்கற எடத்துல இருக்கறவரு. காதுல பூ வெச்ச பொண்ணு ரொட்டி கொண்டு வர்ற பொண்ணு. கப்பல்லேந்தே ஆளுங்கள முன்னாடி எறக்கி விட்டு, பின்னாடி நம்மள எறக்கி, அவங்கள நமக்குக் காட்டறாங்க! இதுக்கா இத்தன கடல் தாண்டி வந்தோம்? ஏமாத்து வேலைன்னு இவருகிட்ட பொருமினேன். "நீதான அழுத்தின?"ன்னாரு. அதுக்கு? ஒருத்தி ஒரு பட்டன அழுத்தினா ஊரையே மாத்திடுவாங்களா? அன்னிக்கும் மிஷினுகிட்ட போனேன். இருக்கற மூணு மூஞ்சியில எத அழுத்தறதுன்னே தெரியல, திரும்பி வந்துட்டேன்.

இவரா? இவரு இதுக்கெல்லாம் வர்றதே இல்ல. தராசு பாக்கப் போயிடுவாரு. ஆமாம்மா, தராசு, எடை போடற தராசு. அவரு உத்தியோகமே அதுதான், கடைகடையா ஏறி எறங்கி எடைக்கல்லு சரியா இருக்கான்னு பாத்து முத்திரை போடறது. இன்ஸ்பெக்டர்னு சொன்னதும் போலீஸுன்னு நெனச்சு எங்கப்பா தலையாட்டிட்டாரு, அது வேற கதை. ரிட்டையர் ஆகியும் அந்தக் கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது. என்கூட காய் வாங்க வந்தாருன்னா கடைக்காரங்க எடைக்கல்ல துணி போட்டு மூடறாங்க. இங்கயும் அதே கதை. எறங்கினதும் சந்தை எங்கன்னு சைகையில கேட்டுக்கிட்டு நேரா நடந்துடுவாரு. மீன் நிறுக்கறத நின்னு பாப்பாரு. அவங்க ஸ்டூலப் போட்டு உக்கார வெப்பாங்களாம், வெள்ளரிக்காய் நறுக்கிக் குடுப்பாங்களாம். ஒரு தீவுல தாத்தா காலத்துத் தராச உள்ளேந்து எடுத்துட்டு வந்து காமிச்சாங்களாம். இத ஒரு கலாச்சாரம்னு பொண்ணுகிட்ட போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா, நீயே சொல்லு!

போன வாரம் ஒரு தீவுல... அத நெனச்சா இப்பவும் உடம்பு கூசுது. இங்க ஒரு வேடிக்கை உண்டு, நீ பாத்திருக்க மாட்ட. கிளம்பற நேரத்துக்கு வந்து சேராதவங்க ரூம் நம்பரச் சொல்லி ஸ்பீக்கர்ல கூப்பிடுவான். கப்பல் முழுக்கக் கேக்கும், கக்கூஸுலகூட கேக்கும். ஜனங்க உடனே சாப்பாட்டுத் தட்டோட இந்தக் கம்பி ஓரமா ஓடி வந்து நிப்பாங்க. கீழ சிமென்ட்டு மேடை நீளமா தெரியுது பாரு, அதுல லேட்டானவங்க தலதெறிக்க ஓடி வருவாங்க. கை தட்டறது என்ன, விசில் அடிக்கறது என்ன! நானும் நின்னேன். நானும் தட்டினேன், பொய் சொல்லுவானேன். "எவனோ மாட்டிக்கிட்டான்"னு சிரிச்சேன். ரூம் நம்பர எவ காதுல வாங்கறா? அப்புறம் பாத்தா... குடை. கறுப்புக் குடையில சிவப்பா ஒரு ஒட்டு. என் பழைய ரவிக்கைத் துணியில நானே போட்ட ஒட்டு. எல்லாரும் ஓடி வருவாங்க, இவரு நடந்து வர்றாரும்மா! நிதானமா நடந்து வந்து, நடுவுல நின்னு, செருப்புல இருந்த மணல உதறிட்டு, மறுபடி நடந்து வர்றாரு! இந்த மஞ்சத் தொப்பி "கடைசி மாமா! கடைசி மாமா!"ன்னு கத்தினான் பாரு, அதோட அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. நாங்க சாப்பிடப் போனா பாஷை தெரியாதவங்ககூட "கடைசி மாமா"ன்னு கைய ஆட்டறாங்க. மானம் கப்பலேறிடுச்சும்பாங்க ஊர்ல. எனக்குக் கப்பலேறினப்புறம்தான் மானம் எறங்கிப் போச்சு.

அன்னிக்கு ரூம்ல சண்டை. சண்டைன்னா, நான் போட்டேன், அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசியில, "அவங்க சந்தோஷமாத்தான தட்டினாங்க?"ன்னாரு. இந்த மனுஷன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அன்னிலேந்து அவரு அட்டை, போன், பர்ஸு எல்லாம் என் கைப்பையிலதான். இல்லன்னா எங்கயாவது மீன்கடையில வெச்சுட்டு வந்துடுவாரு. அட்டைன்னா, இதோ உன் கழுத்துல தொங்குதே, அதேதான். எறங்கறப்ப ஒரு தடவ, ஏறறப்ப ஒரு தடவ மிஷின்ல காட்டணும். ரூம் கதவுக்கும் அதுதான். காட்டினா டிங்னு ஒரு சத்தம், ஆள் ஏறியாச்சுன்னு அர்த்தம். டிங்னு வராதவங்களத்தான் ஸ்பீக்கர்ல கூப்பிடறது. எல்லாம் மிஷினு கையில. மனுஷங்க எண்ணிப் பாக்கறதே கிடையாது.

காலையிலயே கிளம்பிட்டாரு. இந்தத் தீவுச் சந்தையில தராசே கிடையாதாம், எல்லாம் கூறு கட்டித்தான் விக்கறாங்களாம், ரூம் கூட்டற ஆளு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான், இவருக்கு இருப்புக் கொள்ளல. காலம் பூரா எடைக்கல்லோட மாரடிச்சவரு, எடையே இல்லாம ஒரு ஊரு சண்டை இல்லாம வாங்கி விக்குதுன்னா நேர்ல பாக்க வேண்டாமாங்கறாரு. நல்ல சட்டையாப் பாத்துப் போட்டுக்கிட்டாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. ரெண்டு அட்டையையும் நானே காட்டி, சேர்ந்து எறங்கினதும் கொஞ்சம் சில்லறையக் குடுத்து அனுப்பினேன். "நீ போய் ஏறிக்க, நான் வந்துடறேன்"னாரு. அப்படித்தான் எப்பவும் சொல்லுவாரு.

நான் கிராமத்துக்குப் போனேன். அதே கேட்டு, அதே அச்சு, அதே தீ. மழை பிடிச்சுக்கிச்சு, சீக்கிரமே திரும்பிட்டேன். கப்பல் படிக்கட்டுல ஒரே நெரிசல், எல்லாரும் நனைஞ்சுக்கிட்டு முட்டறாங்க. அந்த மஞ்சத் தொப்பி எனக்கு முன்னால நின்னுக்கிட்டுத் திரும்பி, "என்னம்மா, கடைசி மாமா எங்க? இன்னிக்கும் உண்டா?"ங்கறான். சுருக்குன்னுச்சு எனக்கு. அப்பத்தாம்மா அந்த யோசனை வந்துச்சு. ரெண்டு அட்டையும் என்கிட்டதான இருக்கு? டிங். டிங். ரெண்டையும் காட்டிட்டேன்! காவலுக்கு நின்ன ஆளு, "சார் எங்க?"ன்னான். முன்னால இவருது மாதிரியே ஒரு வழுக்கைத் தலை போய்க்கிட்டு இருந்துச்சு, "அதோ போறாரே"ன்னேன். பின்னாலேந்து பாத்தா எல்லா வழுக்கையும் ஒண்ணுதான? மழையில எவன் முன்னால போயிப் பாப்பான்? போங்க போங்கன்னுட்டான்.

என்ன அப்படிப் பாக்கற? துண்டு போட்டு வெக்கற மாதிரிதாம்மா, வேறென்ன? ஆள் பின்னால வருது, இடம் பிடிச்சாச்சு. இனிமே அவரு எவ்வளவு லேட்டா வந்தாலும் ரூம் நம்பரக் கூப்பிட மாட்டான். எவனும் தட்டத் தூக்கிக்கிட்டு வர மாட்டான். படியில அட்டை கேட்டா? அவருக்கு அட்டை எதுக்கும்மா, அந்த மூஞ்சி தெரியாதவங்க இந்தக் கப்பல்ல யாரு? கடைசி மாமான்னா வழி விட்டுடுவாங்க. கெட்டிக்காரின்னு சொல்லு!

அடேயப்பா, ஊதறான் பாரு! கிளம்பப் போறான். இரு... கவனி. ஸ்பீக்கர்ல ஏதாவது சொல்றானா? இல்லல்ல? ஒருத்தர் நம்பரும் கூப்பிடல. அப்ப எல்லாரும் ஏறியாச்சு. அப்பாடா! சத்தியமா சொல்றேன், இவ்வளவு நேரம் பேசிக்கிட்டே இருந்தேனே, உள்ள திக்கு திக்குன்னுதாம்மா இருந்துச்சு. ஏறிட்டாரு. மழையில நனைஞ்சிருப்பாரு, நேரா ரூமுக்குப் போயி குளிச்சுக்கிட்டு இருப்பாரு. வரட்டும், கரை நகர ஆரம்பிச்சப்புறம் வந்து உக்காந்தாருன்னா...

அங்க என்ன கூட்டம் கம்பிகிட்ட? சிரிக்கறாங்க. யாரோ லேட்டு போலிருக்கு... இருக்காதே, லேட்டுன்னா கூப்பிட்டிருப்பானே. உள்ளூர்க்காரன் எவனாவது வேடிக்கை பாக்க வந்து நிப்பான். வா, நாமளும் பாக்கலாம். ஏம்மா, உக்காந்தே இருக்க? புஸ்தகத்த மூடிட்டு என்ன யோசனை? என்ன கேக்கற?... ரூமுக்குத்தான் போயிருப்பாரு, அதான் சொன்னேனே. கதவ எப்படித் திறந்திருப்பாருன்னா? என்ன கேள்வி இது, அட்டைய வெச்சுத்தான்... அட்டைய...

இரு. கைப்பைய எடு. இது என்னோடது. இது... இதுவும் இங்கதான் இருக்கு. அப்ப கதவு... இல்ல இல்ல, இருக்காது. வரலன்னா கூப்பிட்டிருப்பான்ல? கூப்பிடலையே! டிங்னு வராதவங்களத்தான... டிங்குதான் வந்துடுச்சே. ரெண்டும் வந்துடுச்சே... அய்யய்யோ! அம்மாடி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!

எங்க ஓடற? கப்பல் ஆளுங்ககிட்டயா? ஓடு, ஓடு! நான்தான் அட்டையக் காட்டினேன்னு சொல்லு! பொய் சொன்னேன்னு சொல்லு! நிறுத்தச் சொல்லும்மா! ரூம் நம்பரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லு, நாலு தடவ கூப்பிடச் சொல்லு, மானமும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்! நம்பரு தெரியலன்னா கடைசி மாமான்னு சொல்லு, எல்லாருக்கும் தெரியும்!... போயிட்டா. செருப்பக்கூட விட்டுட்டு ஓடறா.

நகருங்கப்பா. கொஞ்சம் நகருங்க. படிய எடுத்துட்டான். தண்ணி தெரியுது நடுவுல... குடை. அதோ குடை. சிவப்பு ஒட்டு. நடந்து வர்றாரு. இப்பவும் நடந்துதான் வர்றாரு! ஓடுங்களேன்! இன்னிக்கு ஒரு நாளைக்காவது ஓடுங்களேன்! யாரும் கை தட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தட்டாதீங்க! கையில என்ன அது, இலையில கட்டி... மஞ்சளா... எலுமிச்சம்பழம். ஒரு கூறு எலுமிச்சம்பழம். நான்தான் கேட்டேன். "அங்க நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்காம எனக்கு ஒரு முழு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க, வாங்காம கப்பலேறாதீங்க"ன்னு காலையில நான்தான் சொன்னேன். ஒண்ணு கேட்டேன், ஒரு கூறு வாங்கிட்டு வர்றாரு. போனும் இங்க, பர்ஸும் இங்க, அங்க அவருகிட்ட அந்தப் பழத்தத் தவிர ஒண்ணுமே இல்லையே!

ஏங்க! ஏங்க, இங்க பாருங்க! கேக்க மாட்டேங்குதே, இவன் வேற ஊதறான்... துண்டு. நாற்காலியில கெடக்கற அந்தத் துண்ட எடுத்துக்கறேன். ஏங்க! இதோ, இங்க! துண்டு பாருங்க, நம்ம துண்டு!... பாத்துட்டாரு. பாத்துட்டாரு! அய்யோ, ஏன் நிக்கறீங்க? நிக்காதீங்க, வாங்க! குடையத் தூக்கறாரு. ஆட்டறாரு. நான் டாட்டா காட்டறேன்னு நெனச்சு அவரும் காட்டறாரே மனுஷன்! நான் டாட்டா காட்டலைங்க, கூப்பிடறேன்! உங்க குறட்டை இல்லாம எனக்கு ஒரு நாளும் தூக்கம் வந்ததில்ல, நான் எதுக்குங்க டாட்டா காட்டப் போறேன்! இன்னும் மறையல. தெரியறாரு. துண்ட ஆட்டிக்கிட்டே இருக்கேன், நிறுத்தல, தெரியறாரு...

யோவ்! யோவ், மஞ்சத் தொப்பி! எந்திரிய்யா! அதுல உக்காராத! துண்டு இல்லன்னா? துண்டு இதோ என் கையில இருக்கு, பாரு! எந்திரின்னா எந்திரி! அது அவரு நாற்காலி... ஆள் வருதுய்யா. ஆள் வருது... ஆள் வருது!